தொண்ணூறு ரூபாய்க்குச் சில்லறை

பாவு நூல் விஷயமாகத் திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு வந்த என் மனைவியின் தமையனார், வந்த காரியத்தை மறந்து, முந்தைய நாள்தான் தபாலில் வந்து இன்னும் என் மூச்சுக்காற்றுக்கூடப் படாமலிருந்த வெள்ளிப் புரூஃப் நாணயத்தை அதன் கூட்டிலிருந்து வெளியே எடுத்து, உளுந்துவடை தின்ற கட்டைவிரலால் அதன் கண்ணாடிப் பரப்பின்மேல் சாவதானமாக ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு, "ஏன் மாப்பிள்ளை, இதக் கடையில குடுத்தா என்ன தருவான்?" என்று கேட்டார். இத்தகைய மைத்துனர் உங்களுக்கும் ஒருவர் இருப்பாராதலால் என் மனோநிலையை வர்ணிக்க வேண்டியதில்லை. நம் அரசாங்கத்தின் வெள்ளி நாணயங்களுள் வடிவமைப்பில் எது சிரேஷ்டமானது என்று நிர்ணயிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்; அதற்கு முன்னால் அவர் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

கடையில் ஒன்றும் தரமாட்டான். அது ரிசர்வ் வங்கிக்குத் தொண்ணூறு நிறைந்ததற்காக 2024-இல் வந்த 90 ரூபாய் நாணயம். 1969-இல் காந்தியடிகளின் நூற்றாண்டுக்கு வெள்ளியில் பத்து ரூபாய் வெளியிட்டபோது, பத்து என்பது கௌரவமான, கணக்குக்கு அடங்கிய எண்ணாக இருந்தது. பிற்காலத்தில் யாரோ ஒரு புத்திமான், எத்தனையாவது ஆண்டோ அத்தனை ரூபாய் என்னும் சூத்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அதன்படி கல்கத்தா நாணயசாலைக்கு 60, அம்பேத்கருக்கு 125, தாகூருக்கு 150, குரு நானக்குக்கு 550, தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 1000. ரிசர்வ் வங்கியின் 90-ஐ நீட்டி எங்கள் ஊர்ப் பூக்கடையில் பதினைந்து ரூபாய்க்கு மல்லிகை வாங்கினால் மீதிக்கு அதே வங்கியின் பவளவிழா 75-ஐத் தரலாம். இந்தச் சாம்ராஜ்யத்தில் நேராக வரும் கணக்கு இது ஒன்றுதான்.

இந்தச் சூத்திரத்தைத் திருச்சுழித் திருமேனிநாதர் கோயிலுக்குப் பிரயோகித்துப் பாருங்கள். தலபுராணமோ பிரளய வெள்ளத்தைச் சிவபெருமான் சுழித்து உள்ளே இழுத்துக்கொண்டதிலிருந்து தொடங்குகிறது. அன்றுமுதல் வருஷம் எண்ணி முகமதிப்புப் பொறிக்க 44 மில்லிமீட்டர் விட்டம் எம்மாத்திரம்? பூஜ்யங்கள் விளிம்பைச் சுற்றிவந்து இடம் போதாமல் அசோகச் சிங்கங்களின் முதுகில் ஏறும். குண்டாற்றில் தண்ணீர் ஓடிய ஞாபகார்த்தமாகவும் ஒன்று வெளியிடலாம். ஓடிய நாட்களே முகமதிப்பு என்று வைத்தால் சில வருஷங்களில் அது வெறும் சில்லறைக் காசாகவே வெளிவரும். என் மைத்துனருக்குச் சஷ்டியப்தபூர்த்தி நெருங்குகிறது. கல்கத்தா நாணயசாலையின் முன்னுதாரணம் இருப்பதால் அவருக்கும் 60 ரூபாய் நாணயத்துக்குப் பாத்தியம் உண்டு. உருவத்துக்கு ஓவியர் தேவையில்லை. ஒரு பக்கம் முழுவதும் கட்டைவிரல் ரேகை. அதை அவரே இலவசமாகப் பதித்துத் தருவார், ஏற்கனவே தந்தும் இருக்கிறார்.

வடிவமைப்பைப் பற்றி அவர் அபிப்பிராயம் சொல்லாமலில்லை. வங்கியின் முத்திரையில் பனைமரத்தடியில் ஒரு புலி நிற்கிறது. நிலத்தில் பாதிக்குப் பனையே காவலாக நிற்கும் இந்தக் கரிசல் பிரதேசத்தவரிடம் அதைக் காட்டியது என் விதி. "இது பனையா? எந்தப் பனையடியில புலி நிக்குது?" என்று அவர் நெடுநேரம் வியாக்கியானம் செய்தார். என் மனைவி அவ்வளவு தூரம் போகவில்லை. பழைய நூறு ரூபாய் நாணயங்களில் முப்பத்தைந்து கிராமில் பாதியே வெள்ளி என்று அறிந்த நாளிலிருந்து அவற்றைத் திரும்பியும் பாராதவள், இது நாற்பது கிராம் சுத்த வெள்ளி என்று கேட்டதும், கொலுசுக்குக் காணுமா என்று மட்டும் விசாரித்தாள்.

இவர்களைக் குறைசொல்லி என்ன? பெரும்பாலான நாணயங்களில் ஒரு பக்கம் சிங்கங்கள், மறுபக்கம் மார்பளவில் ஒரு பெரியவர், சுற்றிலும் இந்தியும் ஆங்கிலமும். விருதுநகர் நம்முடையதாதலால் ஆசையோடு வாங்கிய காமராஜர் நாணயத்தைப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். ஒருவர் தம் சம்பந்தி என்றே சாதித்தார். அந்த அளவில் 2009-இல் வந்த அண்ணா நாணயம் பிழைத்தது, அதில் அவருடைய தமிழ்க் கையெழுத்து இருக்கிறது. 2024-இல் வந்த கருணாநிதி நாணயத்திலும் 'தமிழ் வெல்லும்' என்பதே கண்ணுக்கு நிறைவானது. முகச்சாயல் சற்றுப் பிசகினாலும் எழுத்து ஆளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

"நம்ம ஊர்ல பொறந்த ரமணரு, திருவண்ணாமலைக்குப் போனதும் இருந்த காசையெல்லாம் கொளத்துல எறிஞ்சிட்டாரு" என்று புறப்படும்போது மைத்துனர் உபதேசித்தார். வாஸ்தவம், 1896-இல் அய்யங்குளத்தில் எறிந்தார். அக்காலத்து ரூபாயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெள்ளி. ஆனால் அவர் எறிந்தது தம்முடைய காசை. என் மைத்துனர் எறியச் சொல்வது என்னுடையதை.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். என்னிடம் காமராஜர் நாணயம் இரண்டு உண்டு. விரல்படாத அண்ணா நாணயம் வைத்திருப்பவர் எவரேனும் இருந்தால் ஒன்றுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ளச் சித்தமாயிருக்கிறேன். விருதுநகர்க்காரர்கள் மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம். அவர்கள் மேல்கொண்டு காசு கேட்பார்கள்.