ரப்பர் அண்ணன்

“வீட்ல பசங்க ரப்பர் இருக்கா சார்?”

ரேம் மாற்றினோம், பட்டனை அமுக்கினால் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே நிற்கிறது என்று நாம் சொல்லி முடிப்பதற்குள் இப்படிக் கேட்டுவிடுவார். என்ன லேப்டாப், என்ன ரேம் வாங்கினீர்கள், பழையதைத் திரும்பப் போட்டால் ஓடுகிறதா, இதெல்லாம் அவருக்கு அநாவசியம். ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். எல்லார் சட்டைப்பையிலும் டெஸ்டர் இருக்கும். ரப்பர் மட்டும் நம் வீட்டுடையது.

அதிலும் ஆசாரம் பார்ப்பார். வாசனை ரப்பர் ஆகாது. பென்சில் தலையில் ஒட்டியிருப்பது ‘சுரண்டிடும்’. வெள்ளை ரப்பர்தான், அதுவும் ஓரம் தேயாததாக. பிள்ளையின் ஜியாமெட்ரி பாக்ஸைக் கவிழ்த்து ஒன்றைப் பொறுக்கி, ரேமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ‘ச்சு’ கொட்டிவிட்டு ஆரம்பிப்பார். மேலிருந்து கீழாக, ஒரே வாக்கில். குறுக்கே தேய்த்தால் ‘பின்னு போய்டும்’. முடிந்ததும் வாயால் ஓர் ஊது. எச்சிலும் ரப்பர் தூளும் சேர்ந்து ஸ்லாட்டுக்குள் இறங்கும். பத்து எண்ணுவதற்குள் திரை வராவிட்டால் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்துவிட்டு, மறுபடி தேய்ப்பு. புது மெமரியைப் பழகிக்கொள்ளச் சில மெஷின்கள் முதல் தடவை ஒரு நிமிடத்துக்கு மேல்கூடக் கறுப்பாக நிற்கும் என்று சொல்லிப் பாருங்கள், நம்மைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரிப்பார்.

காரணம் பேட்டைக்குப் பேட்டை மாறும். காசிமேட்டில் உப்புக்காற்று. எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல். ராயபுரத்தில் துறைமுகத்து நிலக்கரித் தூசி. உயர் நீதிமன்றம் சொல்லி 2011லேயே சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியை நிறுத்தி எண்ணூர்ப் பக்கம் தள்ளிவிட்டார்களே அண்ணா என்றால், “அப்ப வந்தது இன்னும் உள்ள கீது சார்.” காலையில்தான் ரிச்சி தெருவில் கவரைக் கிழித்து எடுத்த ரேமைப் பற்றித்தான் பேச்சு! இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தூசிமேல் பழி போட முழு உரிமை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். மொட்டைமாடியில் துணி காயப்போடுகிற யாரும் சாட்சிக்கு வருவார்கள்.

என் லேப்டாப்பில் விஷயம் ஸ்டிக்கரில் இருந்தது. பழைய ரேமில் பிசி3எல் என்று போட்டிருந்தது, 1.35 வோல்ட். கடையில் கொடுத்தது வெறும் பிசி3, அதற்கு 1.5 வோல்ட் வேண்டும். இரண்டுக்கும் 204 பின், நடுவே உள்ள வெட்டும் ஒரே இடத்தில், அதனால் அழகாக உட்கார்ந்துவிடும். குறைந்த வோல்ட் மட்டும் தருகிற லேப்டாப்பாக இருந்தால் கிளம்பாது. ரப்பரைத் தேய்த்து வோல்ட்டை ஏற்ற முடியுமா?

காசு கொடுத்தால் வாங்கமாட்டார், டீ மட்டும் போதும். ராத்திரி கரண்ட் போனாலும் கூப்பிட்ட குரலுக்கு வருகிறவர். அதனால்தான் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

ஸ்டிக்கரைப் படித்துக் காட்டினேன். “அதெல்லாம் கம்பெனிக்காரன் சும்மா போடறது சார்” என்று மூடியை முடுக்கினார். முடுக்கியபின் ஒரு ஸ்க்ரூ மிஞ்சியது. அதையும் பழைய ரேமையும் “தேச்சு வெச்சா யாருக்குனா ஆவும்” என்று பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஓடுகிற ரேம் அது ஒன்றுதான் அண்ணா. ஸ்க்ரூவை வேண்டுமானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.