ஐரோப்பாவுக்கும் ஓர் அம்மம்மா

ஹெர்னிங், டென்மார்க்

அன்புள்ள சின்னம்மா,

 

அம்மம்மாவின் ஆட்டைத்திவசப் படங்கள் கிடைத்தன. படையலில் இருந்த கத்தரிக்காய்க் குழம்பைப் பெருப்பித்துப் பார்த்தபடி, கறுத்தப் பாணில் வினாகிரி மீனை வைத்துச் சாப்பிட்டேன். வேறு வழி?

இங்கே பேரன் பேத்தியை வீட்டுக்குக் கூப்பிடவும் கிழமைக்கணக்கில் முன்கூட்டியே நாள் குறிக்கிறார்கள். எங்களுக்குப் படலைச் சத்தமே போதும். அம்மம்மாவுக்குக் காது மந்தம், ஆனால் அந்தச் சத்தம் மட்டும் தப்பாது. ஒடியற்கூழ் கொதிக்கும்போது ஆள் கூடினால் பானையில் தண்ணீரும் கூடும். நண்டுக்காலும் பலாக்கொட்டையும் யாருக்கு எத்தனை என்பது அவவின் கணக்கு. பிலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தித் தந்துவிட்டு, "கூழ் குடிச்சு முடியுமட்டும் காணிக்கதை கதைக்கப்படாது" என்பா. முகம் பாராத மாமாமார் இருவரும் ஒரே பாயில் இருந்து உறிஞ்சுவார்கள்.

அம்மம்மா மாதிரி ஒருவவைப் போன லீவில் கோப்பன்ஹேகனில் கண்டேன். கிறிஸ்டியான்ஸ்போர்க் அரண்மனையில் லௌரிட்ஸ் டூக்ஸன் வரைந்த பெரிய ஓவியம் ஒன்று இருக்கிறது. எங்கள் கலியாண வீட்டுக் குடும்பப் படம் மாதிரி ஒரே நெரிசல். டென்மார்க் இராணி லூயிசும் அரசர் ஒன்பதாம் கிறிஸ்டியானும் பிரெடென்ஸ்போர்க்கில் கூட்டிய குடும்பமாம்.

லூயிஸ் இராணியாவதற்கு முன்பு கையைக் கடிக்கிற சீவியம்தான். மகள்மார் தங்கள் சட்டைகளைத் தாங்களே தைத்தார்கள். பிறகு மூத்த மகள் அலெக்சாண்ட்ரா இங்கிலாந்துக்கும் அடுத்தவள் டக்மார் ரஷ்யாவுக்கும் வாழ்க்கைப்பட்டுப் போனார்கள். ஒரு மகனை 1863இல், 17 வயதில், கிரேக்கம் இராசாவாகக் கூப்பிட்டு எடுத்தது. ஏஜென்சிக்காசு இல்லை, விசாக் கரைச்சல் இல்லை! பின்னாளில் பேரன்மார் ஐந்து நாடுகளில் முடிசூடினார்கள். அம்மம்மாவின் பேரப்பிள்ளைகளும் ஐந்து நாடுகளில் இருக்கிறோம், வாடகை கட்டிக்கொண்டு.

கோடை வந்தால் அவர்கள் எல்லாரும் தாய்வீட்டில். டக்மாரின் கணவரான ரஷ்யச் சக்கரவர்த்தி மூன்றாம் அலெக்சாண்டரின் தகப்பனைக் குண்டு வீசிக் கொன்றிருந்தார்கள். ஊரில் காவலுக்குள் அடைபட்டுக் கிடந்த மனிதர், மாமியார் வீட்டில் பிள்ளைகளோடு ஓடிப்பிடித்து விளையாடினார். இராணியும் மூன்று மகள்மாரும் இரண்டு பியானோவில் எட்டுக் கையால் வாசித்தார்கள். இராணிக்கும் காது மந்தமாம்!

1898இல் இராணி போனா. 1906இல் அரசரும் போனதும், அலெக்சாண்ட்ராவும் டக்மாரும் அதே வருடம் கடற்கரையோரம் ஹ்விடோரே என்ற வீட்டைக் கூட்டாக வாங்கினார்கள், வருடா வருடம் வந்து சந்திக்க. ரஷ்யப் புரட்சியில் எல்லாம் இழந்துவந்த டக்மாருக்குக் கடைசியில் கைகொடுத்தது அந்த வீடுதான். 1928இல் அங்கேயே கண்மூடினா.

இதை ஏன் எழுதுகிறேன் என்று விளங்கியிருக்கும். அம்மம்மாவின் வளவு பரப்பு என்ன விலை போகும் என்று ரொறன்ரோவிலிருந்து கேட்கிற மாமாவுக்கு இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டுங்கள். தாய்வீடு இல்லாமல்போன மகாராணிகளே காசுபோட்டு வீடு வாங்கியிருக்கிறார்கள். எங்களுக்கு வீடு இருக்கிறது, ஓடுதான் மாற்றவேண்டும். என் பங்கை அடுத்த மாதம் அனுப்புகிறேன்.

அடுத்த நல்லூர்த் தேருக்கு எல்லாரும் வரவேண்டும் என்று நீங்களும் பெரியம்மாவும் இப்போதே அதட்டுங்கள். அப்போதுதான் எனக்கு இங்கே லீவு கிடைக்கும். தேரும் தீர்த்தமும் முடிந்த பிறகு மச்சம் காய்ச்சலாம். ஒடியல் மாவைக் கொஞ்சம் கூடுதலாகவே இடித்து வையுங்கள்.

அன்பு மகன்