குழாயடி

நியூஜெர்சியின் எடிசனில் பொங்கல் விழாவுக்கு யார் சமைப்பது என்று வாட்ஸாப் குழுவில் நாலு பேர் முட்டிக்கொண்டால், ஐந்தாமவர் “என்னப்பா, குழாயடிச் சண்டையா இருக்கு!” என்று எழுதிவிடுகிறார். நமக்கெல்லாம் உடனே புரிகிறது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத்தான் குழாய்க்கும் சண்டைக்கும் என்ன உறவு என்று புரிவதில்லை, அவர்கள் அறிந்த குழாயில் வெந்நீரும் தண்ணீரும் இரவு பகலாக வருகிறதே!

நம்மில் பலர் அறிந்த குழாய் தெருமுனையில் இருந்தது. புழல் ஏரித் தண்ணீர் சென்னைக்கு வந்தது 1872-இல். ஆனால் எண்பதுகளின் கோடையில், எங்கள் அயனாவரம் தெருவுக்கு அது விடியுமுன் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும், அதற்குள் குடம் வைத்தும் கல் வைத்தும் இடம் பிடித்தவர்கள், “என் குடம் முன்னாடி இருந்துச்சு” என்று தொடங்கி ஏழு தலைமுறையை இழுத்து முடிப்பதை, அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி அரைத்தூக்கத்தில் ரசித்துக் கேட்டிருக்கிறேன். யார் வீட்டில் வரன் பார்க்கிறார்கள், யாருக்கு வேலை போயிற்று, எல்லாம் அங்கேதான் தெரியும். சண்டை ஓய்ந்ததும் “ஒரு கை பிடிக்கா” என்பாள் ஒருத்தி. சற்றுமுன் திட்டிய அதே அக்கா குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் ஏற்றிவிடுவாள். எடிசனில் பக்கத்து வீட்டாரோடு எனக்கு ஒரு சண்டையும் வந்ததில்லை. அவர் பெயரும் தெரியாது.

இடத்தின் பெயரால் சண்டையைச் சொல்வது தமிழில் மட்டுமல்ல. அயர்லாந்தில் டப்ளினை ஒட்டிய டானிபுரூக்கில் 1204-இல் அரசாணை பெற்று நடந்துவந்த சந்தை, குடியும் அடிதடியும் மிஞ்சிப்போய் 1855-இல் நின்றது. கைகலப்புக்கு ஆங்கிலத்தில் அந்த ஊர்ப்பெயரே நிலைத்துவிட்டது. அது குடித்தவர்கள் போட்ட சண்டை. நம்முடையது குடிக்கப் போட்ட சண்டை. ஆனாலும் ஆண்கள் மேடையில் ஒருவரையொருவர் மட்டம் தட்டும்போது, கைக்கு வருவது அந்தப் பெண்களின் குழாயடிதான்.

தண்ணீர்த் தட்டுப்பாடு பழங்கதையாகிவிடவில்லை. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறிச் சென்னைக்கு வந்தது. அந்தக் கோடையிலும் லாரிக்குப் பின்னால் குடத்தோடு நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்களே. குழாயடியின் பேச்சும் உறவும் எனக்கு இன்றும் வேண்டும். அந்தத் தட்டுப்பாடு எவருக்கும் வேண்டாம். அந்தச் சண்டையின் பழி தண்ணீர் தராதவர்களுக்கே, குடம் சுமந்தவர்களுக்கு அல்ல.