எல்லைக்கோட்டு ஒளிப்பதிவாளர்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செம்மேட்டை அடைவோர் அங்கே வல்வில் ஓரியின் சிலையைக் காண்பர். ஒரே அம்பினால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வரிசையாகத் துளைத்த வில்லாளனாகப் புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் போற்றும் அம்மன்னனின் மலையில், கண்ணெதிரே ஓடும் ஒரே பிள்ளையைக்கூடக் குறிதவறவிடும் ஒரு மனித வகையும் வாழ்கிறது. பள்ளி விளையாட்டு விழாவைக் காலத்தால் அழியாத காணொளியாக்கும் உறுதியுடன், ஆசிரியர் கட்டிய கயிற்றைத் தாண்டிக் கைப்பேசியோடு நிற்கும் தந்தையே அவ்வகையினர். தாய்மாரும் படம்பிடிப்பதுண்டு, ஆயினும் ஓட்டம் தொடங்கியதும் கைப்பேசியை மறந்து பிள்ளையைப் பார்த்துவிடும் பலவீனம் அவர்களுக்கு இருப்பதால், இவ்வகையில் அவர்களைச் சேர்ப்பதற்கில்லை.

இவரது ஆர்வத்துக்கு நியாயம் உண்டு. பிள்ளைகள் அங்கேயே தங்கி, உண்டு, படிக்கும் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகள் இம்மலையில் இருப்பதால், விடுதிப் பிள்ளையின் தந்தைக்கு அதனைக் கண்குளிரப் பார்க்கக் கிடைக்கும் நாட்கள் குறைவு. அத்தகைய அரிய நாளில் அவர் கண்ணை நிரப்பாமல் கைப்பேசியின் நினைவகத்தை நிரப்புகிறார் என்பதே விந்தை. நினைவகமோ முன்பே நிரம்பியது. விசில் ஊதப்படும் அதே நொடியில் இடமில்லை என்ற அறிவிப்பு திரையில் தோன்ற, மிளகு வியாபாரிக்கு அனுப்பிய மூட்டைப் படங்களை அழிப்பதா, மைத்துனர் நாள்தோறும் அனுப்பும் காலை வணக்கப் பூக்களை அழிப்பதா என்று அவர் ஆராய்ந்து முடிப்பதற்குள் 100 மீட்டர் ஓட்டம் பாதி முடிந்துவிடுகிறது.

எஞ்சிய பாதிக்கு அவர் நம்புவது ஸூம். தொலைவிலுள்ளதை அருகிலிருப்பதுபோல் காட்டும் இவ்வசதி, எளிய கைப்பேசிகளில், கிடைத்த படத்தையே இழுத்துப் பெரிதாக்குவதன்றிப் புதிய நுணுக்கம் எதையும் சேர்ப்பதில்லை. ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், மூடுபனி மைதானத்துக்குள் இறங்கிவிட்ட காலையில், அது பனியையே பெரிதாக்கித் தருகிறது. அந்த வெண்மைக்குள் கால்சட்டை அணிந்த ஒரு மங்கல் உருவம் வருகிறது. அது தம் மகன்தான் என்று தந்தை சாதிப்பார், மகன் மறுப்பான்.

இத்தகைய காணொளிகளை ஆராய்வோர்க்கு ஓர் உண்மை புலப்படும். அவற்றில் பிள்ளை இருப்பது அரிது, முன்னால் நிற்கும் வேறொரு தந்தையின் பிடரியும், அவர் உயர்த்திய கைப்பேசியும் இருக்கும், ஆனால் “ஓட்றா! திரும்பிப் பாக்காத, ஓட்றா! இங்க பார்றா!” என்று ஒன்றுக்கொன்று பொருந்தாத ஆணைகளை இடும் படம்பிடித்தவரின் குரல் மட்டும் பழுதின்றிப் பதிந்திருக்கும். ஆகவே மகனின் நினைவாக எடுக்கப்படும் இப்படம், உண்மையில் தந்தையின் நினைவாகவே தேறுகிறது. பிற்காலத்தில் அக்குரலுக்காகவே மகன் அதனைத் தேடக்கூடும் என்பதால், பிடரியை மன்னிக்கலாம்.

மன்னிக்க இயலாதது பரிசளிப்பு. எவர்சில்வர் டிபன் பாக்ஸைச் சிறப்பு விருந்தினர் வழங்கும் நேரத்தில் நிறுத்தும் பொத்தானைத் தொடங்கும் பொத்தானெனக் கருதி அழுத்திவிட்ட தந்தை, “ஐயா, இன்னொரு வாட்டி குடுங்க” என்று பணிவுடன் வேண்டுவார். விருந்தினரும் பாக்ஸைத் திரும்ப வாங்கி மீண்டும் கொடுப்பார். இதைக் கண்ட ஏனைய தந்தையரும், ஏற்கெனவே பரிசு பெற்றுப் பாதி மைதானம் போய்விட்ட தத்தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மேடையருகே வரிசையில் நிற்கத் தொடங்குவர்.