பின்னால் வருகிறவன் பார்த்துக்கொள்வான்

லட்சக்கணக்கில் கடன் போட்டு ஒரு பிக்கப் வாங்குகிறோம். கம்பெனிக்காரன் அதன் முதுகில் இரண்டு சிவப்பு விளக்கு வைத்துக் கொடுக்கிறான். அந்த விளக்கு நன்றாக எரிந்து தொலைக்கிறது. அதுதான் சிக்கல். ஒழுங்காக எரிகிற டேஞ்சர் லைட்டோடு டீக்கடை முன்னால் போய் நின்றால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலிலேயே வேலை தொடங்குகிறது. டெயில் லைட்டை ஷாம்பு போட்டுக் கழுவ வேண்டும். ஈரத்தோடு வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்க்க வேண்டும். முதலில் 800 நம்பர், அப்புறம் 1000. பளபளப்புப் போய், கண்ணில் புரை விழுந்த மாதிரி மேற்பரப்பு வெளுத்தால்தான் பெயின்ட் பிடிக்கும். சுற்றிலும் மாஸ்கிங் டேப், அதற்கு வெளியே பழைய செய்தித்தாள். (தாளில் முந்தின வாரத்து விபத்துச் செய்தி இருக்கலாம். படிக்காமல் ஒட்டுவது கைக்கு நல்லது.) பிறகு ஸ்பிரே டப்பாவை நன்றாகக் குலுக்கி, லேசாக ஒரு கோட், காய்ந்ததும் இன்னொன்று, ஆசை அடங்கவில்லை என்றால் மூன்றாவது. மேலே கிளியர் கோட் அடித்தால் மழைக்கும் வெயிலுக்கும் அசையாது. பெயின்ட் வேலை வராதவர்களுக்கு ஸ்மோக் ஃபிலிம் இருக்கிறது. சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டி, வீட்டம்மாவின் ஹேர் டிரையரால் சூடு காட்டி இழுத்து, காலாவதியான ஏடிஎம் கார்டால் குமிழியைத் தள்ளினால் தீர்ந்தது. டப்பாவில் எறும்பு எழுத்தில் ‘பொதுச் சாலையில் பயன்படுத்த அல்ல’ என்று போட்டிருந்தால் கவலை வேண்டாம். நம் ஊர்ச் சாலையை யார் சாலை என்று ஒப்புக்கொண்டார்கள்?

மத்தியான வெயிலில் அது அழகாகத்தான் இருக்கும். மறுக்கவில்லை. வெள்ளை வண்டியில் கரிக்கட்டை நிறத்தில் இரண்டு விளக்கு, தம்பிமார்கள் சுற்றி நின்று ‘செம லுக்குண்ணே’ என்பார்கள். இந்த விளக்குக்கு மத்தியானத்தில் வேலையில்லை என்பதை அந்தக் கூட்டத்தில் யாரும் சொல்வதில்லை.

சாதாரண பல்பு போட்ட வண்டியில், இரவில் பின்னால் எரிகிற இழை வெறும் 5 வாட். பிரேக் மிதித்தால் எரிகிற இழை 21 வாட். நூறு பங்கு ஒளியில் நாற்பதை மட்டும் வெளியே விடுகிற ஃபிலிமை ஒட்டினால் அந்த 5 வாட் இழை 2 வாட் இழைக்குச் சமமாகிவிடுகிறது. இது பாதிக் கதைதான். பெரும்பாலான டெயில் லைட்டில், எரியாமலே வேலை செய்கிற பகுதி ஒன்று உண்டு. உள்பக்கம் தேன்கூடு மாதிரி பட்டை பட்டையாகத் தெரியுமே, அதுதான் ரிஃப்ளெக்டர். பேட்டரி செத்து, வண்டி ஓரமாக நின்றுவிட்டாலும், பின்னால் வருகிறவனுடைய ஹெட்லைட் வெளிச்சத்தை வாங்கி அவன் கண்ணுக்கே திருப்பி அனுப்புவது அது. அதன் மேலும் ஃபிலிம் விழுந்தால் வெளிச்சம் உள்ளே போகும்போது ஒரு தரம் வடிகட்டப்படுகிறது, திரும்பி வரும்போது மறுபடியும். நாற்பதில் நாற்பது சதவீதம், அதாவது பதினாறு. நூறு கொடுத்தவனுக்குப் பதினாறு திருப்பிக் கொடுக்கிறவனைக் கடைத்தெருவில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவோம்?

அதே வண்டியின் முன்பக்கம் வந்து பாருங்கள். பம்பருக்கு மேல் எல்.இ.டி. பார், கீழே நாலு ஃபாக் லேம்ப், கூரையில் ஒரு வரிசை. எதிரே வருகிற டிவிஎஸ் எக்ஸ்எல்காரர் கண் கூசி மண்ணில் இறங்குகிற அளவுக்கு வெள்ளை வெளிச்சம். வண்டியில் இருக்கிற விளக்குகளில் ஹெட்லைட் நமக்கு, டாஷ்போர்டு நமக்கு, கேபின் லைட் நமக்கு. முழுக்க முழுக்க முகம் தெரியாத இன்னொருவனுக்காக எரிவது பின்னால் இருக்கிற சிவப்புதான். நமக்கானதில் பத்து கூட்டிவிட்டு, அடுத்தவனுக்கானதை அணைக்கிறோம். பின் கண்ணாடியில் ‘வாழு, வாழவிடு’ ஸ்டிக்கர் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. அதற்குக் கறுப்படிக்க யாருக்கும் மனசு வரவில்லை.

கரும்பு வெட்டு நடக்கிற மாதங்களில் விழுப்புரம், கடலூர்ப் பக்கம் இரவில் போனவர்களுக்குத் தெரியும். டிரெய்லரின் பக்கவாட்டில் பிதுங்கத் தோகையோடு ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் ஊர்ந்து போகும். பின்னால் விளக்கு கிடையாது. இருந்தாலும் கரும்பு மூடியிருக்கும். அதுவும் ஆளைக் கொல்வதுதான், மன்னிக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த டிராக்டர்காரரிடம் ஒயர் இற்றுப்போனது, பல்பு பீஸானது, ஆலை வாசலில் இரவு முழுக்கக் காத்துக் கிடக்க வேண்டியது என்று சொல்வதற்கு ஏதோ இருக்கிறது. நம்ம பிக்கப் அண்ணனிடம் என்ன இருக்கிறது? எரிந்த விளக்கைக் கைக்காசு போட்டு, விடுமுறை நாளைச் செலவழித்து, பதம் பார்த்துத் தேய்த்து அணைத்திருக்கிறார். வண்டி வாங்கிய அன்று டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, முன்னால் கறுப்புக் கயிறு கட்டியவரும் இவரேதான். தன் வண்டிக்குக் கண்ணேறு படக் கூடாது. அடுத்தவன் கண்ணுக்கு வண்டியே படக் கூடாது.

சட்டம் இல்லாமலில்லை. சூரியன் மறைந்து அரை மணி கழித்துத் தொடங்கி, மறுநாள் உதயத்துக்கு அரை மணி முன்பு வரை, பின்விளக்கின் சிவப்பு 155 மீட்டரில் தெரிய வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி. மணிக்கு 100 கிலோமீட்டரில் வருகிறவன் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் கடக்கிறான். 155 மீட்டர் என்பது அவன் கையில் இருக்கிற ஐந்தரை விநாடி. 50 மீட்டரில்தான் தெரிகிறது என்றால் இரண்டு விநாடிகூட இல்லை. பிரேக்கில் கால் வைக்கவே அதில் ஒன்று போய்விடும். வண்டியை இஷ்டத்துக்கு மாற்றினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது. படித்தால் நடுக்கமாக இருக்கிறது. சாலையில் யாராவது நடுங்கிப் பார்த்ததுண்டா?

2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கார்க் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் கூடாது என்றதும் போலீசார் நடுரோட்டில் நிறுத்திக் கையாலேயே உரித்தார்கள். 2024 மே மாதம் சென்னையில் ‘பிரஸ்’, ‘போலீஸ்’ ஸ்டிக்கர் ஒட்டிய வண்டிகளை மடக்கினார்கள். நல்ல காரியம்தான். உள்ளே இருக்கிற ஆளைப் போலீசால் பார்க்க முடியவில்லை என்றால் அது குற்றம். வண்டியையே ஊரால் பார்க்க முடியவில்லை என்றால் அது ஸ்டைல். சோதனைச்சாவடியில் வண்டியின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். முதுகைப் பார்க்கிற வேலை பின்னால் வருகிறவனுக்கு. எஃப்.சி.க்குப் போகிற லாரிக்கு அன்று ஒரு நாள் மட்டும் பின்னால் சிவப்பு ஸ்டிக்கரும் புது பல்பும் முளைப்பது எல்லோருக்கும் தெரிந்த அதிசயம். சொந்த உபயோக வண்டிக்குப் பதினைந்து வருஷத்துக்கு அந்த ஒரு நாள் தொல்லைகூடக் கிடையாது.

2022இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அந்த வருஷம் விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம். நாடு முழுக்க நடந்த விபத்துகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் பின்னாலிருந்து மோதியவை. வேறெந்த வகையும் இவ்வளவு இல்லை. இதெல்லாம் கறுப்புப் பெயின்டால் நடந்ததென்று நான் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. அதிவேகத்துக்கும் குடிபோதைக்கும் செல்போனுக்கும் அறிக்கையில் தனித்தனிக் கட்டம் உண்டு. பெயின்டுக்குக் கட்டமே கிடையாது.

மோதினால் நடப்பது இது. முதல் தகவல் அறிக்கையில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்ற இரண்டு சொல்லும் பெரும்பாலும் பின்னால் வந்தவன் பெயருக்குத்தான் போகும். அவன் செத்திருந்தால் குற்றவாளியாகவே சாகிறான். ஆள் இல்லை என்று வழக்கை முடித்துவிடுவார்கள். அவன் பெண்டாட்டி இழப்பீடு கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால், விபத்தில் செத்தவருக்கும் பங்கு உண்டு என்று ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டுதான் மீதியைக் கணக்குப் போடுவார்கள். விளக்கில் பெயின்ட் அடித்திருந்தது என்று அந்தம்மா எதைக் காட்டிச் சொல்வார்? பின்னால் வந்து மோதுகிற வண்டி முதலில் நொறுக்குவதே அந்த விளக்கைத்தான். சில்லை அன்று ராத்திரியே ரோட்டோரமாகக் கூட்டித் தள்ளியிருப்பார்கள்.