ஆடு போட்ட பிளான்

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ் கோல்ஃப் மைதானத்தில் ஆட இடம் கிடைத்துவிட்டதா? வாழ்த்துகள். குலுக்கலில் பெயர் கொடுத்துக் காத்திருந்து வாங்கிய இடமாகத்தான் இருக்கும். இனி அந்த மைதானத்தைப் பார்த்து முகம் சுளிக்காமல் 18 குழிகளையும் முடிக்கும் வழியைப் பார்ப்போம்.

1946இல் ரயிலில் வந்த அமெரிக்க வீரர் சாம் ஸ்னீட், ஜன்னல் வழியே இதைப் பார்த்துவிட்டு யாரோ கைவிட்டுப்போன பழைய மைதானம் என்றே நினைத்தார். அந்த வருடம் இங்கே நடந்த ஓபன் போட்டியின் பட்டத்தை வென்றவரும் அவர்தான். ஆகவே மட்டமாக நினைப்பதால் ஆட்டம் கெட்டுவிடாது, தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். வாய்விட்டு மட்டும் சொல்லாதீர்கள், பை தூக்கி வரும் கேடி காதில் விழும்.

அடுத்து, பிளான் போட்டவனைத் திட்ட வேண்டும் என்று நாக்கு துடிக்கும். அடக்குங்கள். திட்டுவதற்கு ஆள் கிடையாது. கடலோர மணல்மேட்டில் புல் தானாக முளைத்தது, முயல்கள் வளை தோண்டின. காற்றுக்கு ஒண்டிய செம்மறி ஆடுகள் தேய்த்துத் தேய்த்து உண்டாக்கிய பள்ளங்களே பங்கர்கள் என்ற மணல்குழிகள் ஆயின என்பது வழிவழியாக வரும் பேச்சு. மனிதன் கை வைத்தது பிற்பாடுதான். 1764இல், முதல் நான்கு குழிகள் ரொம்பக் குட்டை என்று இரண்டாக்கினார்கள். போகவும் வரவும் அதே குழிகள் என்பதால் 22 என்ற கணக்கு 18 ஆனது. உலகம் முழுக்க இன்றைக்கு 18 குழி ஆடுவது இந்த ஒட்டுவேலையின் புண்ணியத்தில்தான்.

பங்கர்கள் மொத்தம் 112. பல, பந்தை அடிக்கும் இடத்திலிருந்து கண்ணுக்கே தெரியாது. கேட்டால், ஒரு காலத்தில் மைதானத்தை எதிர்த்திசையில் ஆடினார்கள், அந்தப் பக்கமிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும் என்பார்கள். தலையாட்டிவிட்டு மணலில் இறங்குங்கள். துணைக்குப் பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். 14ஆம் குழியில் ‘நரகம்’ என்றே பெயர் வைத்த பங்கரில் 1995இல் ஜாக் நிக்லஸ் இறங்கினார்; அந்த ஒரு குழிக்கு அவர் கணக்கு பத்து அடி. 1921இல் பாபி ஜோன்ஸ் 11ஆம் குழியின் பங்கரில் மாட்டி, போட்டியையே பாதியில் விட்டார். ஆறு வருடம் கழித்து இங்கேயே ஓபன் வென்று கணக்கைத் தீர்த்துக்கொண்டது வேறு விஷயம். 2000 ஓபனில் டைகர் உட்ஸ் நான்கு நாளும் ஒரு பங்கரிலும் விழாமல் ஜெயித்தார். நமக்கு அவர் முன்னுதாரணம் அல்ல, அவரை மறந்துவிடுங்கள்.

கிரீன், அதாவது குழியைச் சுற்றிய குட்டைப் புல்தரை விஷயத்தில் பங்காளிச் சண்டை வேண்டாம். நான்கு குழிகளுக்குத்தான் தனிக் கிரீன். மற்ற 14 குழிகளும் இரண்டிரண்டாக ஏழு கிரீன்களில் கூட்டுக்குடித்தனம் நடத்துகின்றன. ஐந்தும் பதின்மூன்றும் சேர்ந்திருக்கும் கிரீன் முக்கால் ஏக்கருக்குக் குறையாது. கிரீனில் பந்து ஏறிவிட்டது என்று துள்ளாதீர்கள். கொடி எந்தக் கோடியில் என்று பாருங்கள். போகும்போது வெள்ளைக் கொடி, வரும்போது சிவப்பு. ஏழாம் குழியின் பாதையும் பதினொன்றின் பாதையும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்தில், எதிரில் வருகிறவருக்கு வழிவிட்டு ஒரு கும்பிடு போடுங்கள். சிக்னல் கிடையாது.

முதல் குழியும் பதினெட்டாவதும் பக்கத்துப் பக்கத்தில், நடுவில் தடுப்பே இல்லாத பரந்த வெளி. இதையும் குறை என்று சேர்த்துக்கொள்ளலாம், ஏனென்றால் தப்பாக அடித்தால் சொல்ல சாக்கு இல்லை. 1991இல் ஓபன் வென்ற இயன் பேக்கர்-ஃபின்ச், 1995இல் முதல் அடியிலேயே இந்த அகலம் முழுவதையும் தாண்டி இடதுபக்க எல்லைக்கு வெளியே அனுப்பினார். அதே வெளியின் குறுக்கே ஊர்ச்சாலை ஒன்றும் ஓடுகிறது. யாராவது கடந்தால் நிறுத்தி, போகவிட்டு அடியுங்கள். ஊர்க்காரர்களின் உரிமை அது.

17ஆம் குழிக்கு மட்டும் கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். எதிரே ஹோட்டலின் பச்சைக் கொட்டகை, பழைய ரயில்வே ஷெட்டின் வடிவத்தில். அதில் ஹோட்டல் பெயரைப் பெரிதாக எழுதியிருப்பார்கள். எந்த எழுத்துக்கு மேலே அடிக்க வேண்டும் என்று கேடி சொல்லுவார். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அடியுங்கள். கட்டடத்தைத் தாண்டினால் கிரீனை ஒட்டி ஓர் ஆழமான பங்கர், பின்னால் தார்ச்சாலை, அதற்கும் பின்னால் கல்மதில். பந்து சாலையில் நின்றால் சாலையில் நின்றே அடிக்க வேண்டும், சலுகை கிடையாது. 1978இல் ஜப்பானின் நகாஜிமா இரண்டே அடியில் கிரீனுக்கு வந்தார். மூன்றாவது அடியில் மெல்லத் தட்டிய பந்து உருண்டு பங்கருக்குள் போனது. வெளியே வர நான்கு அடி, மொத்தம் ஒன்பது. கூட்டத்தில் யாராவது நகாஜிமா பெயரைச் சொன்னால் நீங்களும் பெருமூச்சு விடுங்கள், அனுபவஸ்தர் என்று நினைப்பார்கள்.

இவ்வளவும் ஒத்துவராது என்றால் ஞாயிற்றுக்கிழமை போங்கள். பெரிய போட்டி இல்லாவிட்டால் அன்றைக்கு ஆட்டத்துக்கு விடுமுறை. மைதானம் ஊர்க்காரர்களுக்கும் அவர்களுடைய நாய்களுக்கும். குலுக்கல் இல்லை, கட்டணம் இல்லை, 112 பங்கர்களையும் எதிர்த்திசையிலிருந்து நடந்து பார்த்து வரலாம்.