அலை வேண்டாத அலைச்சறுக்கு

ஹவாய்க்காரர்கள் பாவம். நூற்றாண்டுக் கணக்கில் குப்புறப் படுத்து, கையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளியே அலையைப் பிடித்தார்கள். டியூக் கஹானமோகுவின் கோவா மரப் பலகை 16 அடி நீளம், 114 பவுண்டு எடை. ஒலிம்பிக் நீச்சலில் தங்கம் வாங்கிய மனிதர். அந்தப் பலகையில் ஒரு பேட்டரியைச் செருகத் தோன்றவில்லை பாருங்கள்!

1990-களில் அலைச்சறுக்கு வீரர் லேர்ட் ஹாமில்டன் கூட்டத்தார் பாதிக் குறையைத் தீர்த்தார்கள். மௌயித் தீவின் பேயாஹியில், ராட்சத அலைக்குள் தங்களை ஜெட் ஸ்கீயால் இழுத்துவிடச் செய்தார்கள். என்ன பயன்? அலை வந்தாக வேண்டுமே.

மின்சார ஃபாயில் பலகை அந்தத் தொல்லையையும் ஒழித்தது. பலகைக்கு அடியில் ஒரு தண்டு, தண்டில் மோட்டார், நுனியில் விமானத்தினுடையதைப் போலச் சின்ன இறக்கை. கையடக்க ரிமோட்டில் விசையை அழுத்தினால் வேகம் கூடும், பலகை தண்ணீரை விட்டு எழும்பும். உழைப்பு முழுக்க ஒரே விரலுக்கு. பல மாடல்கள் 10,000 டாலரைத் தாண்டும். கடலுக்குப் போய்க் கடலைத் தொடாமல் திரும்ப, நியாயமான விலைதான்.

அலைக்குக் காத்திருப்பதே சுகம் என்கிறார்கள் சில பழமைவாதிகள். ரேஷன் கடை வரிசையில் நின்றதில்லை போலும்.

ஒரே சிக்கல், தோளுக்கு வேலையில்லை. அதற்கும் வழியுண்டு. சவாரி முடிந்ததும் ஜிம்முக்குப் போய், சந்தா கட்டி, துடுப்பு வலிக்கும் மெஷினில் அரை மணி நேரம் வியர்க்கலாம். அதற்கும் யாராவது ஒரு மோட்டார் பொருத்திக் கொடுத்தால் தேவலை.